குழாயைத் திருப்பிப் போடும் நாள்

வடசென்னையின் கடந்த பத்தாண்டைத் தேதி போட்டு எழுதச் சொன்னால் கை தானாக விபத்துகளைத்தான் எழுதும். 2017 ஜனவரி 28: எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கரையொதுங்கிய எண்ணெயை ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் முதல் வாரம்: மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி, எண்ணூர்க் கழிமுகத்தில் படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியது. அதே மாதம் 26, நள்ளிரவு: பெரியகுப்பத்தை ஒட்டிய கடலடியில் அம்மோனியாக் குழாய் கசிந்தது.

நடக்காமல் போன விபத்துக்குத் தேதி கிடையாது. ஒரு ஃபிட்டர் சரியான வாரத்தில் ஒரு வால்வைக் கழற்றிப் பார்த்திருப்பார். உள்ளே சீல் நைந்திருக்கும். புதுசு போட்டு முடுக்கிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். இது எந்த வரலாற்றிலும் வராது. செலவுக் கணக்கில் மட்டும் வரும்: ஒரு சீல், இரண்டு மணி நேர நிறுத்தம். வருடக் கடைசியில் எதைக் குறைக்கலாம் என்று தேடுபவர் கண்ணில் முதலில் படுவதும் அந்த வரிதான். “ஒண்ணுமே ஆகலையே, அப்புறம் எதுக்கு இவ்வளவு செலவு?”

ஷாப் ஃப்ளோரில் இதைச் சுருக்கமாக ‘பி.எம்.’ என்பார்கள். பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ், முன்காப்புப் பராமரிப்பு. பழுதான பிறகு சரிசெய்வது ரிப்பேர். பழுதாகும் முன்பே போய் நிற்பது பி.எம். இந்தப் பழக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர்வரை நடந்து பார்க்கலாம். தூரம் பதினைந்து கிலோமீட்டர் இருந்தால் அதிகம். காலம் ஏறக்குறைய நூற்றெழுபது வருடம். வழி நெடுக ஒரே கேள்வியைத்தான் கேட்கப்போகிறேன்: பழுதை முதலில் பார்ப்பவர் யார்? அவர் சொன்னால் கேட்பது யார்?

1

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அந்த ரயிலைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் தூண்கள் நிற்கும் அந்த அழகான ஸ்டேஷனைப் பற்றிப் பேசுவார்கள். அதே காலத்தில் பெரம்பூரில் எழுந்த ரயில்வே பணிமனையைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ரயில் கம்பெனிக்கு ஸ்டேஷன் எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம் பணிமனையும். காரணம், ராயபுரத்தில் ரயில் ஓடுவதற்குப் பதினான்கு வருடம் முன்பே ஐரோப்பா ஒரு பாடத்தைப் படித்திருந்தது.

1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்தது. பின்னால் வந்த பெட்டிகள் ஏறி மோதித் தீப்பிடித்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அச்சு ஏன் முறிந்தது என்பது அன்றைய பொறியாளர்களுக்குப் புதிர். அதன் மேல் இருந்த எடை, அது தாங்கக்கூடிய எடையைவிடக் குறைவுதான். அடுத்த ஆண்டே வில்லியம் ரேங்கின் என்ற இளம் பொறியாளர், முறிந்த அச்சுகளில் விரிசல் ஒரு மூலையில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருப்பதைக் காட்டினார். ஆகஸ்ட் வோலர் என்ற ஜெர்மானிய ரயில்வே பொறியாளர் 1850, 60-களில் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்து, இரும்புக்கும் களைப்பு உண்டு என்று நிறுவினார். சின்ன எடையானாலும் லட்சக்கணக்கான முறை ஏறி இறங்கினால் உலோகம் ஒருநாள் விட்டுக்கொடுத்துவிடும்.

இதன் விளைவு பெரியது. பழுது என்பது திடீரென்று வருவதில்லை, வளர்வது. வளர்கிற ஒன்றை நடுவில் பிடிக்கலாம். அப்படிப் பிடிப்பதற்கென்றே ரயில்வே ஒரு வேலையை உருவாக்கியது. ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது நீளக் கைப்பிடிச் சுத்தியலோடு ஒருவர் வருவார். ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல சக்கரம் மணி மாதிரி ‘டங்’ என்று கணீரென்று கேட்கும். விரிசல் விட்டது ‘டொக்’ என்று அடங்கும். அவருக்குப் பெரிய படிப்பு இருந்திருக்காது. ஆனால் அவர் ‘டொக்’ என்றால் அந்தப் பெட்டி கழற்றப்படும், ஸ்டேஷன் மாஸ்டர் எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும். இதைக் கவனியுங்கள், பின்னால் தேவைப்படும்: கேட்கத் தெரிந்த காதும், கேட்டதைச் சொன்னால் வண்டியை நிறுத்தும் அதிகாரமும் ஒரே இடத்தில் இருந்தன.

பாய்லருக்கும் இதே கதைதான். நீராவியில் ஓடிய ஆலைகளில் பாய்லர் வெடித்தால் ஆலையோடு தெருவும் போகும். 1923-இல் வந்த இந்திய பாய்லர் சட்டம் சொன்னது எளிமையானது: சான்றிதழ் அதிகபட்சம் பன்னிரண்டு மாதம். அதற்குப் பிறகு ஓட்ட வேண்டுமானால் அணைத்து, ஆறவைத்து, திறந்து, வெளியிலிருந்து வரும் இன்ஸ்பெக்டருக்குக் காட்டு. லாபமாக ஓடும் ஒரு யந்திரத்தை, அது நன்றாக இருக்கும்போதே நிறுத்தச் சொல்லும் சட்டம் அது. “நல்லாத்தானே ஓடுது” என்ற பதிலை அது ஏற்றுக்கொண்டதில்லை.

2

அப்படியென்றால் அடிக்கடி கழற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதுமா? இருபதாம் நூற்றாண்டின் பாதிவரை எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். இரண்டாம் உலகப் போர் அந்த நம்பிக்கையைக் கெடுத்தது.

பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில் நீர்மூழ்கிகளைத் தேடிப் பறக்கும் விமானங்களில் பாதி எப்போதும் பட்டறையிலேயே கிடந்தன. ஏன் என்று பார்க்க விஞ்ஞானிகள் குழு ஒன்று அமர்த்தப்பட்டது. அதில் சி. எச். வாடிங்டன் என்பவர் இருந்தார், தொழில்முறையில் உயிரியலாளர். ஒவ்வொரு 50 மணி நேரப் பறத்தலுக்கும் ஒரு கட்டாயப் பராமரிப்பு என்பது விதி. குழு பழுதுகளை வரைபடமாகப் போட்டுப் பார்த்தது. 50 மணி நேரப் பராமரிப்பு முடிந்த உடனே பழுதுகள் ஏறின. பிறகு பறக்கப் பறக்கக் குறைந்தன. அடுத்த பராமரிப்பு முடிந்ததும் மறுபடி ஏறின. பராமரிப்பே பழுதைக் கொண்டுவந்துகொண்டிருந்தது. நன்றாக இருந்ததைக் கழற்றி, திரும்பப் பூட்டும்போது ஒரு போல்ட் தளர்வாகிவிடுகிறது, ஒரு குழாய் கோணலாகிவிடுகிறது. இடைவெளியை நீட்டித்து, தேவையில்லாத கழற்றல்களை நீக்கியதும் விமானங்கள் பறந்த நேரம் சுமார் 60 சதவீதம் கூடியது.

நான் மென்பொருள் வேலை பார்ப்பவன். இந்தக் கதையை எங்கள் ஆட்களிடம் சொன்னால் யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள். நன்றாக ஓடும் சர்வர் பெரும்பாலும் விழுவது யாராவது அதில் எதையாவது மாற்றிய பிறகுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ‘டிப்ளாய்’ பண்ணாதே என்பது எங்கள் ஊரின் பழமொழி. தொழிற்சாலையில் இதற்கு இன்னும் பழைய வடிவம் இருக்கிறது: “ஓடுற மெஷின எதுக்குத் தொடுற?”

1978-இல் இந்தப் பழமொழிக்குக் கணக்கு கிடைத்தது. யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் ஸ்டான்லி நவுலன், ஹோவர்ட் ஹீப் இருவரும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக ஓர் அறிக்கை எழுதினார்கள். விமான பாகங்கள் எந்த வயதில் பழுதாகின்றன என்று பார்த்து ஆறு வகை வளைகோடுகளாகப் பிரித்தார்கள். இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு ‘பாத்டப் கர்வ்’ நினைவிருக்கும்: பிறந்த புதிதில் பழுது அதிகம், நடுவயதில் குறைவு, முதுமையில் மறுபடி அதிகம். பரீட்சையில் அதை வரைந்தால் ஐந்து மார்க் உறுதி. நவுலனும் ஹீப்பும் பார்த்த பாகங்களில் அந்த வடிவத்துக்குப் பொருந்தியவை 4 சதவீதம்தான். வயதாக ஆகத் தெளிவாகக் கெட்டவை எல்லாம் சேர்த்து 11 சதவீதம். மீதி 89 சதவீதத்துக்கு ‘இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்று’ என்ற விதியால் பயனில்லை.

இதை அரைகுறையாகப் படித்த நிர்வாகங்களுக்குக் கொண்டாட்டம். ‘பார்த்தீர்களா, பி.எம். வீண் செலவு!’ ஆனால் அறிக்கை சொன்னது வேறு. எது எப்படிக் கெடும் என்று முதலில் தெரிந்துகொள். தேய்ந்து கெடுவதைத் தேதி வைத்து மாற்று. எப்போது கெடும் என்று தெரியாததை விடாமல் கவனி. ஏதாவது அடிபட்டால் உடனே போய்ப் பார். கெட்டால் உயிர் போகும் என்றால் செலவைப் பற்றிப் பேசாதே.

இந்த வித்தியாசம் வடசென்னையில் இரண்டு குழாய்களில் கண்முன்னே கிடக்கிறது. அங்கே போகும் முன் ஜப்பான் வழியாக ஒரு சின்னச் சுற்று.

3

1971-இல் ஜப்பானின் நிப்பான்டென்சோ என்ற வாகன உதிரிபாகக் கம்பெனி, பராமரிப்புக்கான ஒரு தேசிய விருதைப் பெற்றது. அங்கே நடந்ததைப் பெயரிட்டு உலகுக்குக் கொண்டுபோனவர் செய்ச்சி நகாஜிமா. ‘டி.பி.எம்.’ என்பது அதன் பெயர்: டோட்டல் புரொடக்டிவ் மெயின்டனன்ஸ். அதுவரை ஆபரேட்டர் ஓட்டுவார், ஃபிட்டர் பழுது பார்ப்பார். ஆபரேட்டர் தன் மெஷினைத் தொட்டால் திட்டு விழும். டி.பி.எம். இந்தச் சுவரை இடித்தது. எட்டு மணி நேரமும் மெஷின் பக்கத்திலேயே நிற்பவருக்குத்தான் அதன் சத்தம் மாறியது தெரியும். சூடு கூடியது தெரியும். தரையில் புதிதாக ஒரு சொட்டு எண்ணெய் விழுந்ததும் தெரியும். ஆகவே துடைப்பது, எண்ணெய் போடுவது, போல்ட்டை முடுக்குவது, பார்த்ததை எழுதிவைப்பது எல்லாம் ஆபரேட்டர் கையில். துடைப்பதே பரிசோதனை என்பது அதன் அடிப்படைப் பாடம்.

சென்னையைச் சுற்றிய வாகனத் தொழிற்சாலைகள் 1990-களில் ஜப்பானிய முறைகளைத் தீவிரமாகக் கற்றன. பாடியிலிருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் டெமிங் பரிசு வாங்கியது. இந்தியாவில் அதுதான் முதல். இன்றைக்கும் அம்பத்தூர், ஒரகடம் பக்கம் வேலை பார்க்கும் நண்பர்களிடம் கேட்டால் மெஷின்களில் தொங்கும் சிவப்பு, வெள்ளை அட்டைகளைப் பற்றிச் சொல்வார்கள். பழுதின் சின்ன அறிகுறி தெரிந்தால் யார் வேண்டுமானாலும் ஓர் அட்டையை எழுதி மாட்டலாம். மாட்டிய அட்டை தீர்வு கிடைக்கும்வரை அங்கேயே தொங்கும்.

சொல்லப்போனால் நமக்கு இது முழுக்க அந்நியம் இல்லை. ஆயுத பூஜைக்கு முதல் நாள் எந்த லேத் பட்டறைக்குப் போனாலும் பார்க்கலாம். வருடம் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்த மெஷினை மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். யார் ஓட்டுகிறாரோ அவரே துடைப்பார். துடைக்கும்போதுதான் கீவே ஓரத்து விரிசலும், தேய்ந்த பெல்ட்டும் தெரியவரும். மறுநாள் சந்தனம், குங்குமம், பொரிகடலை. அன்றைக்கு மெஷின் ஓடாது. முதலாளியும் கேட்கமாட்டார். உற்பத்தி நிற்பதைப் பற்றி யாரும் வருத்தப்படாத ஒரு நாளை நம்முடைய நாட்காட்டி வைத்திருக்கிறது. டி.பி.எம். கேட்டது அதையே, தினமும் பத்து நிமிடமாக.

நகாஜிமாவின் பாடத்தை ஒரு வரியில் சொன்னால்: யார் அருகில் நிற்கிறாரோ அவர்தான் முதல் சென்சார். இப்போது எண்ணூருக்குப் போகலாம்.

4

முதல் குழாய் சாம்பல் குழாய்.

வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் கட்டம் 1990-களின் நடுவில் இயங்கத் தொடங்கியது. 210 மெகாவாட் வீதம் மூன்று அலகுகள். நம் நிலக்கரியின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பல். எரித்த பிறகு அதை எங்காவது கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும். நீரில் கரைத்துச் சேறாக்கி, இரும்புக் குழாய்களில் பம்ப் செய்து, கொசஸ்தலை ஆற்றுப் பகுதியைக் கடந்து, செப்பாக்கம் பக்கமிருக்கும் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள்.

சாம்பல் சேறு என்பது கிட்டத்தட்ட திரவ உப்புத்தாள். அதில் மணல் போன்ற சிலிக்கா துகள்கள் இருக்கின்றன. கனமான துகள்கள் அடியில் உருண்டு போவதால் குழாயின் அடிவயிறுதான் முதலில் தேயும், அடுத்தது வளைவுகள். மெதுவாக அனுப்பினால் சாம்பல் படிந்து அடைக்கும். வேகமாக அனுப்பினால் தேய்மானம் தாறுமாறாக ஏறும். இதற்குப் பழைய, மலிவான ஒரு தந்திரம் உண்டு. அடிப்பக்கம் ஓரளவு தேய்ந்ததும் குழாயின் இணைப்புகளைக் கழற்றி, குழாயைக் கால்வட்டமோ மூன்றில் ஒரு வட்டமோ திருப்பிப் போடுவது. தேயாத பக்கம் இப்போது அடியில் வரும். ஒரே குழாய்க்கு மூன்று, நான்கு ஆயுள். எப்போது திருப்புவது என்பதற்கு ஜோசியம் தேவையில்லை. சுவரின் தடிமனை வெளியிலிருந்தே அல்ட்ராசானிக் கருவியால் அளக்கலாம். தடிமன் இவ்வளவுக்கு இறங்கினால் திருப்பு, இதற்கும் கீழே போனால் மாற்று.

நவுலன்-ஹீப் கணக்கில் இது அந்த அபூர்வமான 11 சதவீதத்தைச் சேர்ந்தது. வயதாக வயதாகத் தேயும், தேய்வது கண்ணுக்குத் தெரியும், தேதி வைத்துத் தடுக்கலாம். பராமரிப்புப் பாடப் புத்தகத்தில் இதைவிடச் சுலபமான கேள்வி இல்லை. எண்ணூரில் விடை கிடைக்காமல் போனது இந்தச் சுலபமான கேள்விக்குத்தான். குழாய்கள் ஓட்டை விட்டு, சாம்பல் ஆண்டுக்கணக்கில் ஆற்றிலும் ஈரநிலத்திலும் கொட்டியது. படுகை மேடானது. காட்டுக்குப்பத்து மீனவர்களும், சேற்றில் கையால் துழாவி இறால் பிடிப்பவர்களும் முழங்கால்வரை சாம்பலில் நின்றார்கள். விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுவரை போனது. 2022-இல் தீர்ப்பாயம் அந்த ஈரநிலத்தை மீட்கச் சொல்லி உத்தரவிட்டது.

இந்தக் குழாயின் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்பவர் யார்? கிலோமீட்டர் கணக்கில் நீளும் குழாயில் ஆலைக்குள் இருக்கும் ஆபரேட்டருக்குத் தெரிவது பம்ப் இருக்கும் முனைதான். நடுவில், ஆற்றின் மேல், ஒரு இணைப்பிலிருந்து சாம்பல் பீறிடுவதை முதலில் பார்ப்பவர் விடியற்காலையில் படகில் போகிறவர். நகாஜிமாவின் அர்த்தத்தில் அவர்தான் அந்தக் குழாயின் ஆபரேட்டர். ஆனால் அவர் கையில் அட்டை இல்லை. மனு இருந்தது. அட்டை அன்றைக்கே மெஷினில் தொங்கும். மனுவுக்கு எண் போடுவார்கள். அதற்குப் பதில் வரும் காலம் வேறு, குழாய் தேயும் காலம் வேறு.

5

இரண்டாவது குழாய் அம்மோனியாக் குழாய். இதன் சுபாவம் நேர் எதிர்.

எண்ணூரிலுள்ள கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குத் தேவையான அம்மோனியா கப்பலில் வரும். கடலில் நிற்கும் கப்பலிலிருந்து கடலடிக் குழாய் வழியாக ஆலைக்குப் போகும். அம்மோனியா மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கும். ஆகவே அதைத் திரவமாகக் குளிரவைத்தே கொண்டுவர வேண்டும். சும்மா கிடந்த குழாயில் திடீரென்று குளிர்ந்த திரவத்தை விட்டால் உலோகம் சுருங்கி விரிசல் விடலாம். அதனால் கப்பல் இறக்குவதற்கு முன் குழாயை மெல்ல மெல்லக் குளிரவைப்பார்கள். 2023 டிசம்பர் 26 இரவு நடந்துகொண்டிருந்தது அந்த வேலைதான். நள்ளிரவை ஒட்டிக் குழாயில் அழுத்தம் இறங்கியது. பெரியகுப்பம், சின்னகுப்பம் பக்கத்தில் மக்கள் மூச்சுத்திணறி எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். சுமார் 50 பேர் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. தங்களுக்குக் கிடைத்த முதல் எச்சரிக்கை மூக்கில் ஏறிய நெடிதான் என்றார்கள் குப்பத்து மக்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தபோது ஆலை வாயிலருகே காற்றில் ஒரு கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்தது. வரம்பு 400. கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம். வரம்பு 5.

பிறகு அமைக்கப்பட்ட தொழில்நுட்பக் குழு, வெளியேறிய அம்மோனியாவைச் சுமார் 67 டன் என்று மதிப்பிட்டது. 5.92 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு பரிந்துரைக்கப்பட்டது. காரணம் பற்றிக் குழு தெரிவித்த சந்தேகம் இது: கடலடியில் குழாயைச் சுற்றிப் போட்டிருந்த கருங்கற்கள் மிக்ஜாம் புயலில் இடம்பெயர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம்.

இது தேய்மானம் இல்லை. அடிபட்டது. பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்ற எந்தத் தேதியும் இதைப் பிடித்திருக்காது. இங்கே பராமரிப்பின் விதி வேறு: ஏதாவது நடந்தால், ஓட்டுவதற்கு முன் போய்ப் பார். புயல் சென்னையை அடித்தது டிசம்பர் 3, 4 தேதிகளில். கசிவு 26-இல். குழுவின் சந்தேகம் சரியென்றால், நடுவே இருந்த மூன்று வாரமும் அந்தக் குழாய் காயத்தோடு கிடந்திருக்கிறது. மூன்று வாரம் என்பது மூழ்காளரை இறக்கிப் பார்க்கவும், அழுத்தச் சோதனை வைக்கவும் போதுமான காலம். ரயில்வேயின் சுத்தியல்காரர் எந்தத் தர்க்கத்தில் தட்டினாரோ அதே தர்க்கம்தான் இதுவும். வண்டி அடுத்து கிளம்புவதற்கு முன்னால் தட்டிப் பார்க்க வேண்டும்.

இந்தப் பாடமும் நாற்பது வருடம் பழையது. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு வெளியேறிய இரவு, வாயுவைக் குளிர்வித்து வைக்கவேண்டிய குளிரூட்டும் யந்திரம் அந்த ஆண்டின் நடுவிலிருந்தே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்து அழிக்கவேண்டிய ஃப்ளேர் கோபுரத்துக்குப் போகும் குழாய், துருப்பிடித்ததால் கழற்றப்பட்டு மாற்றப்படாமல் இருந்தது. கழற்றியது பராமரிப்புதான். திரும்பப் பூட்டும்வரை ஆலையில் அந்த ஆபத்தான வாயு இருக்கக்கூடாது என்று யாரும் நிறுத்தாததுதான் கோளாறு. போபாலுக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. 1989-இல் அபாயகரமான ரசாயனங்களுக்கான விதிகள் வந்தன. அந்த விதிகளின்படி, விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய சுற்றுவட்டார மக்களுக்கு ஆலை முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும்.

நல்ல விதி. ஆனால் அதன் திசையைப் பாருங்கள். தகவல் ஆலையிலிருந்து குப்பத்துக்குப் போகிறது. குப்பத்திலிருந்து ஆலைக்கு வருவது புகார் என்ற பெயரில்தான் வருகிறது.

6

தமிழில் பராமரிப்புக்கு இன்னொரு சொல் உண்டு: மராமத்து. அரபு மூலத்திலிருந்து வந்து நம் ஊர் ஏரிக்கரையில் குடியேறிய சொல். குடிமராமத்து என்றால் ஏரியை அதன் பாசனத்தில் விவசாயம் செய்யும் குடிகளே பார்த்துக்கொள்வது. மடை அடைப்பது, கரையில் எலி வளை தோண்டினால் மூடுவது, கால்வாய்த் தூர் வாருவது. பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஒரு குழுவே இருக்கிறது, ஆண்டுதோறும் புதிதாக ஆட்களைத் தேர்ந்தெடுத்து.

இதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. அந்தக் கரையில் மண் சுமந்தவர் யார், நீர் யார் வயலுக்கு முதலில் போனது என்ற கேள்விகள் இருக்கின்றன. 1858-இல் ஆங்கிலேயர் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டே இந்த வேலையைச் செய்யவைக்கப் பார்த்தார்கள். ஆனால் அதன் அமைப்பில் ஒரு பொறியியல் உண்மை இருக்கிறது. கரை உடைந்தால் யாருடைய பயிர் மூழ்குமோ, கரையில் நடந்துபோகும்போது ஈரக்கசிவைப் பார்க்கிறவரும் அவர்தான். பார்ப்பவர், இழப்பவர், சரிசெய்பவர் மூவரும் ஒரே ஆள். அதனால் ‘ஒண்ணுமே ஆகலையே’ என்ற வாதம் அங்கே எடுபடாது.

எண்ணூரில் இந்த மூவரும் பிரிந்துபோனார்கள். கசிவைப் பார்ப்பவர் மீனவர். இழப்பவரும் அவரே. சரிசெய்ய வேண்டியவர் ஆலை. தள்ளிப்போடுவதால் மிச்சமாகும் பணம் ஒரு கணக்கில் விழுகிறது, தள்ளிப்போட்டதால் வரும் நஷ்டம் வேறு கணக்கில் விழுகிறது. இரண்டு கணக்கும் எங்கும் சந்திப்பதில்லை. அப்படி இருக்கும்போது எவ்வளவு நல்ல சென்சார் வைத்தாலும், எவ்வளவு பெரிய மென்பொருள் வாங்கினாலும் பி.எம். தள்ளித்தான் போகும். அதில் ஈடுபட்டிருக்கும் பொறியாளர்கள் கெட்டவர்கள் என்பதால் இல்லை. அவர்கள் முன்னால் இருக்கும் தாளில் அந்த நஷ்டத்துக்கு ஒரு கட்டம் இல்லை. இதை மென்பொருள் விற்கும் தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன். இன்றைக்கு எல்லா ஆலைகளுக்கும் ‘பிரிடிக்டிவ்’ என்று ஒன்றை விற்கிறார்கள்: அதிர்வை அளந்து, வெப்பத்தை அளந்து, பழுதை முன்கூட்டியே சொல்லும் என்று. சொல்லும், உண்மைதான். சொன்ன பிறகு நிறுத்துவது யார் என்பதை அது சொல்லாது.

அந்தக் கட்டத்தை எப்படி உருவாக்குவது? நம் எல்லார் வீட்டுச் சமையலறையிலும் அதற்கு ஒரு மாதிரி இருக்கிறது. கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பாருங்கள். கைப்பிடிக்குக் கீழே உள்ள பட்டையில் ஏ, பி, சி, டி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளில் ஒன்றும், ஓர் ஆண்டும் எழுதியிருக்கும். வருடத்தின் எந்தக் காலாண்டில் அந்தச் சிலிண்டரை அடுத்து சோதிக்க வேண்டும் என்பது அது. தேதி தாண்டியிருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பலாம். வெடித்தால் யார் வீடு போகுமோ அவர் கண்ணெதிரே பராமரிப்புத் தேதி எழுதியிருக்கிறது, வேண்டாமென்று சொல்லும் உரிமையோடு. நாற்பது வருட எஞ்சின் உள்ள லாரிக்கும் எஃப்.சி. தேதி உண்டு.

ஆற்றைக் கடக்கும் குழாயிலும் பெயின்டில் மூன்று வரி எழுதலாம்: கடைசியாகச் சுவரை அளந்த தேதியும் தடிமனும், கடைசியாகத் திருப்பிப் போட்ட தேதி, அடுத்து திருப்பவேண்டிய தேதி. படகில் போகிறவர் படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில், தமிழில். கடலடிக் குழாய்க்குக் கரையில் ஒரு பலகை: புயலுக்குப் பிறகு சோதித்தது எப்போது, யார். ஆலையின் லாக் புத்தகத்தில் ஒரு பத்தி வெளியாட்களுக்கு: ‘காட்டுக்குப்பத்திலிருந்து ஒருவர் காலை 5.40-க்குச் சொன்னது, 8.15-க்குப் போய்ப் பார்த்தது, முடிவு இது.’ அந்த வரிக்குப் பதில் எழுதாமல் அடுத்த ஷிப்ட் கையெழுத்துப் போட முடியாது என்று ஒரு விதி. இதற்குப் புது டெக்னாலஜி எதுவும் வேண்டாம். ஒரு டப்பா பெயின்டும், மீனவரின் கண்ணைச் சென்சார் என்று ஒத்துக்கொள்ளும் மனமும் போதும்.

அப்படி எழுதினால், நடக்காமல் போன விபத்துகளுக்கும் வடசென்னையில் தேதி கிடைக்கும். முகத்துவாரத்தில் வலை வீசும் ஒருவர் தலையை நிமிர்த்தி, ‘மார்ச்சுல திருப்பிட்டாங்கப்பா’ என்று பக்கத்துப் படகுக்குச் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்.